தவளைக்குப் பின்னால் ஓர் ஊர்வலம்

சாவிக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தையல் கடைக்குள் வந்தார். அவருக்கு அது வழக்கமில்லை. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் சாவி அராவும் சத்தம் இந்தப் பக்கம் கேட்கும், டைலரக்காவின் மெஷின் சத்தம் அந்தப் பக்கம் கேட்கும். இன்று டீ யார் வாங்குவது என்பதைச் சுவரைத் தட்டியே பேசி முடித்துவிடுவார்கள். வாசல் வழியாக வந்தால் ஏதோ விவகாரம் என்று அர்த்தம்.

“டைலரக்கா, ஒரு விஷயம். தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“இப்படி ஆரம்பிச்சா தப்பாத்தான் எடுத்துக்கணும். சொல்லுங்க.”

“இன்னிக்குக் கடைய சீக்கிரம் சாத்திட்டு வீட்டுக்குப் போயிடுங்க. சாயங்காலம் தண்ணி லாரிய முனையிலயே மறிக்கப் போறாங்க பசங்க. கைகலப்பு ஆனாலும் ஆகும்.”

“லாரி என்ன பண்ணுச்சு?”

“லாரி ஒண்ணும் பண்ணல. ஓட்டுறவன் அவங்க ஆளு.” சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஐயோ, உங்களச் சொல்லலக்கா. நீங்க நம்ம வீட்டு மனுஷி மாதிரி.”

‘உங்களச் சொல்லல’ என்பது அவளுக்குப் பழகிப்போன வாசகம். காய்கறிக் கடையில் கேட்டிருக்கிறாள், பேருந்தில் கேட்டிருக்கிறாள், அளவு எடுக்கும்போது முழங்கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்களிடமும் கேட்டிருக்கிறாள். அவளுடைய சனத்தில் அவளைத் தவிர மற்ற எல்லோரையும் சொல்வதற்கு அவளிடமே அனுமதி வாங்கிக்கொள்கிற மாதிரி இருக்கும்.

“எங்க, காட்டுங்க” என்று கையை நீட்டினாள். சாவிக்காரர் தயங்கியபடி போனைக் கொடுத்தார். தெருக்காரர்கள் குரூப்பில் அவரே போட்டிருந்த செய்தி.

*எச்சரிக்கை! அவங்க நம்ம தண்ணித் தொட்டியில இறங்கிக் குளிச்சு வேணும்னே கிருமி பரப்புறாங்க. ஒருத்தன் மொட்டை மாடித் தொட்டியில காப்பிக் கலர் புது பேண்ட்டோட மாட்டியிருக்கான். நம்ம தெருவுக்குத் தண்ணி கொண்டு வர்றவனும் அவங்க ஆளுதான். உஷார். எல்லாருக்கும் அனுப்புங்க.*

அவள் ஒருமுறை படித்தாள். காப்பிக் கலர் என்ற இடத்தில் நின்று மறுபடியும் படித்தாள். பிறகு மெஷினில் இருந்த துணியிலிருந்து ஊசியை மேலே தூக்கிவிட்டு, காலை மிதியிலிருந்து எடுத்தாள்.

“இது எங்கண்ணன்” என்றாள்.

“எது?”

“தொட்டியில மாட்டினவன். அந்த பேண்ட்ட நான்தான் தச்சேன்.”

சாவிக்காரர் கூரையைப் பார்த்தார், அங்கே தொட்டி இருக்கிற மாதிரி. “உங்கண்ணன் எப்ப இங்க வந்தாரு?”

“வரல. அவன் செத்து எத்தனையோ வருஷமாச்சு.”

அந்த வருஷம் என்று மட்டும்தான் அவளும் தங்கையும் சொல்வார்கள். அதற்கு வேறு பெயர் வைக்க இருவருக்கும் வாய் வரவில்லை. வேறு ஊரில், வேறு தெருவில் நடந்தது. முதலில், இவர்கள் சனம் பாலில் எதையோ கலந்துவிட்டது என்று ஒரு பேச்சு. அப்புறம் ரேடியோவில் இவர்களைப் பூச்சிகள் என்றார்கள். பூச்சி என்று வாய் பழகிய பிறகு மருந்தடிப்பதைப் பற்றிப் பேசுவது சுலபமாகிவிட்டது. கோடை முடிவதற்குள் அப்பா, அம்மா, அண்ணன், சித்தப்பா வீட்டில் அத்தனை பேர், எதிர் வீடு, பக்கத்து வீடு என்று ஒரு தெருவையே துடைத்துப் போட்டுவிட்டார்கள். பரணில் படுத்திருந்த இரண்டு பெண்கள் மட்டும் மிச்சம்.

அழுவதற்கு என்று ஒரு நாளை ஒதுக்கி வைத்துப் பார்த்தார்கள். அந்த நாள் நெருங்க நெருங்க இருவருக்கும் காய்ச்சல் வந்தது. தங்கைதான் வேறு வழி சொன்னாள். “அவங்க எப்படிச் செத்தாங்கன்னு கொன்னவங்களுக்கும் தெரியும்க்கா. எப்படி வழுக்கி விழுந்தாங்கன்னு நமக்கு மட்டும்தான் தெரியும்.” அன்றிலிருந்து அப்படித்தான். அப்பா வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு பக்கத்து ஊர் வரை போனது, சித்தி உப்பென்று நினைத்து சோடா மாவைக் கொட்டியது, அண்ணன் தொட்டியில் விழுந்தது. யாருக்கு யார் ஞாபகம் வந்தாலும் அவர்கள் செய்த அசட்டுத்தனத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதுதான் இரண்டு பேர் மிஞ்சிய குடும்பத்தின் சட்டம்.

அப்படிப்பட்ட அண்ணனைத்தான் யாரோ கழுத்தைப் பிடித்துத் தொட்டியிலிருந்து தூக்கி, கிருமியாக்கி, லாரிக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். அவனை வைத்து இன்னொருவனை அடிக்கப் போகிறார்கள். இன்று சாயங்காலமே.

“உங்களுக்கு யார் அனுப்பினது?” என்று கேட்டாள்.

“மருந்துக்கடைக்காரர். படிச்சவரு, பொய் சொல்ல மாட்டாருன்னு...”

“அவர் அனுப்பினதுல லாரி இருந்துச்சா?”

சாவிக்காரர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

“இருந்துச்சாண்ணே?”

“இல்ல. அது நான் சேத்தது. ஒரு ஜாக்கிரதைக்காக.”

அவள் கத்தரிக்கோலை மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். அளவு நாடா கழுத்திலேயே கிடந்தது, அதை எடுக்கத் தோன்றவில்லை. “வாங்க.”

“நான் எதுக்குக்கா? நீங்களே போய்ப் பேசுங்க.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அண்ணனும் பேசத்தான் போனான். ‘அவன் என்கூடப் படிச்சவன்டி, பேசிட்டு வந்துடுறேன்’ என்று பரணைப் பார்த்துச் சொல்லிவிட்டு, செருப்பின் வாரைக்கூட மாட்டாமல் இழுத்துக்கொண்டு போனான். தனியாகப் போனான். பேசப் போனது தப்பென்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

“தனியாப் போக மாட்டேன். நீங்க சேத்தத நீங்கதான் எடுக்கணும். பூட்டுங்க கடைய. சாவிக்கா பஞ்சம் உங்ககிட்ட?”

மருந்துக்கடையில் கூட்டம். இருமல்காரர் ஒருவர், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட ஒரு தகப்பன். மருந்துக்கடைக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “டைலரம்மாவா? தலைவலியா?” என்றார்.

“நீங்க குடுத்ததுதான்” என்றாள். “இந்தக் கிருமி எங்கேர்ந்து வந்துச்சு?”

அவர் போனை வாங்கிப் படித்தார். தான் எழுதியதைத் தானே படிக்கும்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்துவிட்டுப் போனது. “தொட்டியில ஆள் இறங்கினா கிருமி வரும்மா. விஞ்ஞானம்.”

“சரி, வரட்டும். வேணும்னேன்னு ஒரு வார்த்தை இருக்கே, அது எந்த விஞ்ஞானம்?”

இருமல்காரர் இருமலை நிறுத்திக் கேட்டார்.

“எனக்கு வந்ததுல அது இல்ல” என்றார் மருந்துக்கடைக்காரர், குரலைத் தணித்து. “வெறும் ‘இறங்கியிருக்கான்’னுதான் வந்துச்சு. எதுக்கு இறங்குவான்னு யோசிச்சேன். காரணம் இல்லாம இருந்தா யாரும் படிக்க மாட்டாங்க. அதான் ஒரு காரணம் போட்டேன்.” பிறகு அவசரமாக, “உங்களச் சொல்லலம்மா” என்றார்.

“அது எங்கண்ணன்.”

“ஐயையோ.”

“ஐயையோ அப்புறம். யார் அனுப்பினது?”

“ஜிம் மாஸ்டர்.”

இருமல்காரருக்கு மருந்தைக் கொடுத்து, தகப்பனுக்குச் சொட்டு மருந்தைக் கொடுத்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மருந்துக்கடைக்காரரும் படியிறங்கினார். சாவிக்காரருக்குத் துணை கிடைத்ததில் நிம்மதி. “இவங்க விட மாட்டாங்க சார்” என்று காதோடு சொன்னார். “எனக்கு ரெண்டு வருஷம் முந்தி தச்ச சட்டைக்கு இன்னும் காலர் சரியில்லன்னு தினமும் தொட்டுப் பாக்குறாங்க.”

ஜிம் மாடியில். கீழே நிற்கும்போதே இரும்பு விழும் சத்தம் கேட்டது. மாஸ்டர் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். கதவு சின்னதாகத் தெரிந்தது. அவருக்குச் சட்டை தைக்க அவளுடைய அளவு நாடா போதாமல், முதுகுக்கு ஒரு தடவையும் மார்புக்கு ஒரு தடவையுமாக எடுத்துக் கூட்டிக்கொண்டவள் அவள்.

“அக்கா, நான் ஒண்ணும் தப்பா எழுதலையே” என்றார், விஷயம் தெரிந்ததும். “அவங்க ஆளு ஒருத்தன் மாடித் தொட்டியில இறங்கியிருக்கான், காப்பிக் கலர் பேண்ட், புதுசு. அவ்வளவுதான்.”

“இறங்கினானா, விழுந்தானா?”

மாஸ்டர் யோசித்தார். யோசிக்கும்போது அவருக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். “விழுந்தான்னுதான் சொன்னாங்க. இறங்கினான்னு தட்டிட்டேன். என் விரலப் பாருங்க, அந்த எழுத்துப் பெட்டியப் பாருங்க. ஒண்ண அமுக்குனா பக்கத்துல இருக்கறதும் விழுது. முழுசா எழுத முடியாதுன்னு சுருக்கிட்டேன்.”

“எதையெல்லாம் சுருக்கினீங்க?”

“பொண்ணு.”

“எந்தப் பொண்ணு?” என்று மருந்துக்கடைக்காரரும் சாவிக்காரரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

“எதிர் மாடியில ஒரு பொண்ணு இருந்துச்சாம். அதப் பாக்கத்தான் ஏறியிருக்கான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேலைக்குச் சிரிக்கக் கூடாது என்று உதட்டை மடித்துக்கொண்டாள். தன் கடையில் படித்தபோது ஒரு பேண்ட்டாக மட்டும் இருந்தவன், இங்கே வந்ததும் கண்ணைத் திறந்து எதிர் மாடியைப் பார்க்கிறான். இன்னும் கொஞ்சம் போனால் முழுசாகவே கிடைத்துவிடுவான் போலிருந்தது.

“யார் சொன்னது?”

மாஸ்டர் குரல் சட்டென்று இறங்கியது. “அத்தை.”

“யாரோட அத்தை?”

“என் மாமியார். அக்கா, அங்க நான் வரலியே. என்ன வேணா தூக்கச் சொல்லுங்க, தூக்குறேன். அவங்ககிட்ட மட்டும் கேள்வி கேக்கச் சொல்லாதீங்க.”

“நான் கேக்குறேன். நீங்க பின்னால நில்லுங்க. தெரிய மாட்டீங்கன்னு சொல்ல முடியாது, ஆனா நில்லுங்க.”

மாமியார் வீடு அடுத்த தெருவில். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. லாரி வருகிற நேரம் தூரமில்லை என்று அவள் எட்டி நடந்தாள். கழுத்தில் நாடாவோடு ஒரு பெண், அவள் பின்னால் சாவிக் கொத்து குலுங்க ஒருவர், வெள்ளைக் கோட்டில் ஒருவர், எல்லோருக்கும் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு ஒரு மலை. பார்த்தவர்கள், யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள். “அக்காவோட அண்ணனத் தேடிப் போறோம்” என்றார் சாவிக்காரர். அது பொய்யில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மாமியார் கதவைத் திறந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தை அளந்த அவர் பார்வை மருமகனிடம் வந்து நின்றது. மருமகன் மருந்துக்கடைக்காரரின் பின்னால் ஒளிய முயன்றார்.

அவருடைய இடது புருவம் வலதைவிட ஒரு நூல் மேலே ஏறியிருந்தது. மையால் வரைந்து சமன் செய்திருந்தார். அதைப் பார்த்த மாத்திரத்தில் டைலரக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தங்கை அழகு நிலையத்தில் நூலை வாயில் கவ்விக்கொண்டு புருவம் திருத்துகிறவள். சிரிக்கக் கூடாத நேரம் பார்த்து வாடிக்கையாளர்களிடம் அண்ணன் கதையைச் சொல்வது அவளுடைய பொல்லாத பொழுதுபோக்கு. போன வாரம் ஒரு டீச்சரம்மா அடக்கமாட்டாமல் சிரித்து, நூல் எகிறி, புருவம் போய்விட்டது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், என் தங்கச்சிதான் உங்க புருவத்தக் கெடுத்தவ” என்றாள்.

“உன் தங்கச்சியா?” மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. “என்னா பேச்சு பேசுறாம்மா அவ! தவள கதைய நினைச்சு நினைச்சு ராத்திரியெல்லாம் சிரிச்சேன். பேண்ட் கிழிஞ்சு, ரெண்டு கையாலயும் பின்பக்கத்தப் பொத்திக்கிட்டு... மாப்பிள்ளைகிட்ட சாப்பிடும்போது சொன்னேன். மனுஷன் சிரிக்கவே இல்ல. போனையே பாத்துக்கிட்டிருந்தாரு.”

“எழுதிக்கிட்டிருந்தாரு” என்றாள் அவள். செய்தியை நீட்டினாள்.

மாமியார் படித்தார். ஓரத்தில் சிவப்பு மை இல்லாதது மட்டும்தான் குறை, அப்படிப் படித்தார். படித்து முடித்ததும் மருமகனைப் பார்க்கவில்லை. வாசற்படியில் கிடந்த செருப்பைத்தான் பார்த்தார். “நானும் ஒண்ணு சேத்திருக்கேன்” என்றார் மெதுவாக. “உன் தங்கச்சி ‘எங்கண்ணன்’னுதான் சொன்னா. நான் இவர்கிட்ட ‘அந்த சனத்துப் பையன் ஒருத்தன்’னு சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. யாருன்னு கேட்டா சுலபமாச் சொல்லிடலாமேன்னு வாயில வந்துடுச்சு.”

மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டார். “லாரி எங்க வரும்?”

முனையில் பையன்கள் நின்றிருந்தார்கள். பையன்கள் என்றால் சின்னவர்கள் இல்லை. மீசை வைத்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், ஒருவனுக்குக் கல்யாணமே நிச்சயமாகியிருந்தது. அவனுடைய பேண்ட் அவள் கடையில் கால் மடிப்பதற்காகக் கிடக்கிறது. கையில் கம்பும் கல்லும். மெயின் ரோட்டிலிருந்து லாரி திரும்புகிற சத்தம் அப்போதே கேட்டுவிட்டது.

“அக்கா, உள்ள போங்க” என்றான் கல்யாண மாப்பிள்ளை. “உங்களச் சொல்லல.”

“என்னச் சொல்லு” என்றாள். “இன்னிக்கு ஒருத்தராவது என்னச் சொல்லுங்களேண்டா. அது எங்கண்ணன்.” திரும்பி, “அண்ணே, நீங்க மொதல்ல” என்றாள்.

சாவிக்காரர் தொண்டையைச் செருமினார். செருமிக்கொண்டே இருந்தார். லாரி நெருங்கிவிட்டது. பையன்கள் கம்பைத் தூக்கினார்கள். அவர் கடைசியில் கையிலிருந்த சாவிக் கொத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்கினார். பேச்சு வராதவருக்கு அந்தச் சத்தம் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

“லாரிய நான்தான்டா சேத்தேன்!” என்று கத்தினார். “அதுல லாரியே கிடையாது. எவனும் பாக்கல. நானாச் சேத்தேன்.”

“கிருமி நான்” என்றார் மருந்துக்கடைக்காரர், கையைத் தூக்கி. “வேணும்னேங்கறதும்.”

“அவன் இறங்கல, விழுந்தான்” என்றார் மாஸ்டர். “ஒரு பொண்ணப் பாக்கப் போய்.”

“அவன் ‘அந்த சனத்துப் பையன்’ இல்ல” என்றார் மாமியார். “இந்தப் பொண்ணோட அண்ணன்.”

லாரி நின்றது. நடுத்தெருவில் அத்தனை பேர் நின்றால் நிற்காமல் என்ன செய்யும்?

மிச்சத்தை அவள் சொன்னாள். தையல் பழகி முதன்முதலாகத் தைத்த பேண்ட். காப்பிக் கலர். அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு, தொட்டியின் மிதவை பழுது என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு, எதிர் மாடிப் பெண்ணுக்குக் காட்ட மேலே ஏறினான். தொட்டி விளிம்பில் ஒரு காலைத் தூக்கி வைத்ததுதான் தாமதம், அவள் போட்ட தையல் பின்பக்கம் முழுக்க விட்டுவிட்டது. மானத்தைக் காப்பாற்ற இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனான். பிடி விட்டது. தண்ணீருக்குள்ளிருந்து அவன் போட்ட சத்தத்தைக் கேட்டு அப்பா கீழேயிருந்து, ‘என்னடா, தவளை புகுந்துடுச்சா?’ என்று கேட்டார். பதில் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று அண்ணன் தவளை மாதிரியே கத்தினான்.

கல்யாண மாப்பிள்ளைக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. அப்புறம் எல்லோரும்.

ஒருவன் மட்டும் சிரிக்காமல் நின்றான். “கதை நல்லாத்தான் இருக்கு. நாங்க எப்படி நம்புறது? அந்தத் தவளைய வரச் சொல்லுங்க, அவரே சொல்லட்டும்.”

சிரிப்பு நின்றது. சாவிக்காரர் “டேய்” என்றார்.

“அவன் கேக்கட்டும்ணே” என்றாள். “வர முடியாதுப்பா. எங்க ஊர்ல பால்ல என்னமோ கலந்துட்டாங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாங்க. ஆளாளுக்கு ஒரு வார்த்தை சேத்தாங்க. இவன் கூடப் படிச்சவன்கிட்ட பேசிட்டு வரேன்னு போனான். கூட இப்படி நாலு பேர் போயிருந்தா வந்திருப்பான்.”

அவன் கையிலிருந்த கல்லைக் கீழே போடவில்லை. எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பக்கத்துச் சுவர் மேல் வைத்தான், வேறு யாருடையதோ என்பது போல. நம்பினானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

லாரிக்காரர் இறங்கி வந்தார். வயசானவர், தொப்பை, கண்ணில் கலவரம். “என்னம்மா, தண்ணி வேணுமா வேணாமா?”

“வேணும்” என்றார் மாமியார்.

“அப்ப ஏன் கம்பெல்லாம்?” அவர் கூட்டத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தன் சனம் என்று கண்டுகொண்டு கிட்டே வந்தார். “எனக்கு மத்தியானமே தெரியும் தாயி. எங்க குரூப்ல வந்துச்சு. நம்ம பையன் ஒருத்தன இந்தத் தெருக்காரங்க தொட்டியில தள்ளி முக்கிட்டாங்களாமே? காப்பிக் கலர் பேண்ட் போட்ட பையன்.” குரலைத் தாழ்த்தினார். “நானும் சும்மா வரல. சீட்டுக்கடியில கடப்பாரை வச்சிருக்கேன்.”

அண்ணன் உயிரோடு இருந்தபோதே ஒரு இடத்தில் நிற்க மாட்டான். இப்போது ஒரே நாளில் இரண்டு பக்கமும் போய்விட்டு வந்திருக்கிறான்.

“நீங்க யாருக்காவது அனுப்பினீங்களா?” என்று கேட்டாள் டைலரக்கா.

“நானா? சேச்சே.” லாரிக்காரர் தலையைச் சொறிந்தார். “ரெண்டு பேருக்கு மட்டும். முக்கினதா நான் போடல. தள்ளினதா மட்டும்தான் போட்டேன்.”

“உங்களுக்கு யார் அனுப்பினது?”

“என் மச்சான்.”

“மச்சான் வீடு எங்க?”

“பாலத்துக்கு அந்தப் பக்கம். ஏன்?”

பையன்களில் இரண்டு பேர் கம்பைச் சாத்திவைத்துவிட்டுக் குழாயை இழுத்துத் தொட்டியில் மாட்டினார்கள். தண்ணீர் இறங்குகிற வரை லாரிக்காரருக்குத் தவளை கதை முதலிலிருந்து சொல்லப்பட்டது. இந்தத் தடவை சாவிக்காரர் சொன்னார், மருந்துக்கடைக்காரர் திருத்தினார். தையல் விட்ட இடத்தை மாஸ்டர் செய்தே காட்டினார், மாமியார் பார்க்கிறார் என்பதை மறந்து.

லாரி காலியானதும் மாமியார் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கடப்பாரையை எடுத்துப் பின்னால் போடச் சொன்னார், காலை நீட்ட இடமில்லையாம். மற்றவர்கள் பின்பக்க ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். கல்யாண மாப்பிள்ளையும் ஏறினான். “என் பேண்ட்டுக்குப் பின்தையல் ரெண்டு தடவை போட்டுடுங்கக்கா” என்றான்.

அவள் லாரிக்காரருக்கும் மாமியாருக்கும் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்து, தங்கைக்குப் போன் போட்டாள்.

“எங்கக்கா இருக்க? கடை பூட்டியிருக்காமே.”

“தவளை ஊர் சுத்திக்கிட்டிருக்கான்டி. பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்ட்டானாம். கூட்டிட்டு வந்துடுறேன்.”

தங்கை நூலைப் பல்லிலிருந்து எடுப்பது கேட்டது. “தனியாவா போற?”

“இல்ல” என்றாள். பின்னால் ஏணியில் யாரோ தவளை மாதிரி கத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரியாக வரவில்லை. “லாரி நிறைய ஆள் இருக்கு.”

“தையல் விட்டது யாரால்னு சொன்னியா?”

“எல்லாருக்கும் சொல்லிட்டேன்.”

“நல்லா வேணும் உனக்கு” என்றாள் தங்கை.